மொரிஷியஸ் வீட்டுத் தோட்டத்தில் லிச்சி மரத்தை உயரவிடாமல் வளர்க்கும் முறை

மொரிஷியஸின் வடக்கே பாம்பிள்மூஸ், ரிவியேர் து ராம்பார் வட்டாரங்களில், வீட்டுக்குப் பின்னால் சில லிச்சி மரங்களைப் பெற்றோர் வழியாகப் பெற்றிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. தாத்தா காலத்து மரங்கள் பெரும்பாலும் பத்து மீட்டர் உயரத்துக்கும் மேலே போனவை. உயர்ந்த மரமே நல்ல மரம் என்று அந்நாளில் கருதினார்கள். நிழல் கிடைத்தது, ஏறிப் பறிக்க இளைஞர்களும் வீட்டில் இருந்தார்கள். இன்று அப்படிப்பட்ட மரத்தின் மேல் வௌவாலைத் தடுக்கும் வலையைப் போர்த்தவும் முடிவதில்லை, மருந்தோ உறையோ எட்டுவதும் இல்லை, புயலடித்தால் முதலில் சாய்வதும் அதுவே. ஆகவே கீழே சொல்லப்படும் வேலைகள் அனைத்தும் மரத்தை நான்கு மீட்டருக்குள் நிறுத்திவைப்பது என்ற ஒரே முடிவைச் சார்ந்தவை.

இங்கே பரவலாக உள்ள ரகம் சீனத்துத் தைசோ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தீவிலிருந்து கன்றுகள் தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதிக்குப் போனதால், அந்நாட்டுத் தோட்டக்காரர்கள் அதை ‘மொரிஷியஸ்’ என்றே அழைக்கிறார்கள். புதிதாக நடுபவர்கள் விதைக்கன்றை விட்டுவிட வேண்டும். அது காய்க்கப் பத்து ஆண்டுகள் வரை ஆகலாம், தாய்மரத்தின் குணமும் அதில் நிச்சயமில்லை. விண்பதியம் போட்ட கன்று மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கும். கோடைக்காலத்தில், கட்டைவிரல் பருமனுக்கு மிகாத கிளையில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உரித்த இடத்தில் வழவழப்பாக இருக்கும் பச்சைப் படலத்தையும் கத்தி முதுகால் சுரண்டிவிட்டு, ஈரமான பாசியையோ மக்கிய எருவையோ வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்ட வேண்டும். படலத்தைச் சுரண்டாமல் விட்டால் பட்டை மீண்டும் கூடிவிடும், வேர் வராது. இரண்டு மூன்று மாதங்களில் தாளுக்குள் வெள்ளை வேர்கள் தெரிந்து, அவை சற்றுப் பழுப்பேறிய பிறகே கிளையை வெட்டித் தொட்டியில் வைத்து நிழலில் தேற்ற வேண்டும்.

நடும் குழியில் பழைய லிச்சி மரத்தடி மண்ணை இரண்டு கூடை சேர்ப்பது எங்கள் வழக்கம். லிச்சி வேரோடு கூடி வாழும் ஒருவகைப் பூஞ்சை அந்த மண்ணில் இருக்கிறது. அது இல்லாத புதுமண்ணில் கன்று ஓராண்டுக்கு மேல் தயங்கி நிற்கும். பதியக் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது என்பதையும் நடும்போதே நினைவில் வைக்க வேண்டும். வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால் மரத்தடியைக் கொத்தக் கூடாது. அதற்குப் பதிலாகக் கரும்புச் சோகையைக் கணுக்கால் அளவுக்குப் பரப்பி, அடிமரத்தை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடைவெளி விட்டால் போதும்.

வேலைகளின் காலத்தைத் தமிழ் மாதக் கணக்கில் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எளிதாக இருக்கிறது; ஆனால் தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் நாளில் இங்கே குளிர்காலம் என்பதால் பழமொழிகளை அப்படியே நம்பிவிட முடியாது. லிச்சி பூக்க அந்தக் குளிரும் வறட்சியும் தேவை. சித்திரைக்குள் கடைசித் தளிர் முற்றிக் கரும்பச்சையாகிவிட வேண்டும். வைகாசி, ஆனியில் நீரை நிறுத்திவிட வேண்டும். அப்போது தண்ணீரோ தழைச்சத்து உரமோ கொடுத்தால் மரம் பூங்கொத்துக்குப் பதிலாகச் செந்தளிரை விடும். அந்த ஆண்டுக் காய்ப்பு அத்துடன் போயிற்று. ஆடியில் நுனிகளில் பூங்கொத்து தலைகாட்டியதும் நீர் பாய்ச்சத் தொடங்கி, அறுவடை வரை விட்டுவிடாமல் சீராகத் தொடர வேண்டும். நடுவில் மண் காய்ந்து, பின்பு ஒரேயடியாக நனைந்தால், பருக்கும் பழம் தோல் வெடிக்கும்.

பூ மலர்ந்திருக்கும் வாரங்களில் பூச்சிமருந்து கூடவே கூடாது. ஒரே கொத்தில் முதலில் ஆண்பூக்களும், பின்பு காய்பிடிக்கும் பூக்களும், மறுபடி ஆண்பூக்களும் அலையலையாக மலர்வதால், மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுசெல்லத் தேனீக்கள் வேண்டும். வலையை அவசரப்பட்டு முன்கூட்டியே போர்த்துவோர் காய் பிடிக்கவில்லை என்று பின்னால் மரத்தைக் குறை சொல்கிறார்கள். புரட்டாசியில், கோவிந்தன் விரதச் சனிக்கிழமைகள் நடக்கும் நாள்களில், பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்திருக்கும்; முதல் உதிர்வு முடிந்திருக்கும். வலைக்கு அதுவே சரியான நேரம்.

வலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தோட்டத்தின் செலவும் சண்டையும் இங்கேதான். பழந்தின்னும் மொரிஷியஸ் வௌவால் இத்தீவுகளுக்கே உரியது. 2015, 2016, 2018 ஆண்டுகளில் அரசே அவற்றைக் கொன்று எண்ணிக்கையைக் குறைக்க முயன்றது. 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. அந்த ஒழிப்புகளால் எங்கள் மரங்களில் பழம் கூடியதாக நான் காணவில்லை. காட்டு மரங்களின் விதைகளைப் பரப்பும் விலங்கைச் சுடுவதைவிட, நான்கு மீட்டர் மரத்துக்கு நல்ல வலை போடுவதே அறிவு என்பது என் துணிபு. வலைக் கண்ணில் சுண்டுவிரல் நுழையக் கூடாது. நுழைந்தால் வௌவாலின் இறக்கையும் சிக்கும், சிக்கிய விலங்கு வலையையும் கிழிக்கும். கண்ணில் படும் வெள்ளை வலை கறுப்பைவிட நல்லது. மரத்தின் மேல் நேராகப் போர்த்தினால் வலையில் ஒட்டிக்கிடக்கும் பழங்களை வௌவால் வெளியிலிருந்தே மென்று சக்கையைத் துப்பிவிட்டுப் போகும். ஆகவே மூங்கிலாலோ துத்தநாகம் பூசிய குழாயாலோ ஒரு சட்டம் நிறுத்தி, இலைக்கும் வலைக்கும் இடையே ஒரு முழமாவது விட்டு, வலையை முரசுத் தோல்போல இறுக்கி, அடியை மண்ணோடு அழுத்திவிட வேண்டும். தொய்வாகத் தொங்கும் வலை இல்லாமலிருப்பதே மேல். சின்னானும் மைனாவும் இதே வலையால் தடைபடும். பழ ஈக்கும், கொட்டைக்குள் புழு வைக்கும் அந்துப்பூச்சிக்கும் வலை போதாது. வீட்டுத் தேவைக்கு நல்ல கொத்துகளைப் பொறுக்கிக் காகித உறை கட்டிக்கொள்ளலாம்.

கார்த்திகையில் பழம் சிவக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல் தோலின் முட்களைத் தடவிப் பார்க்க வேண்டும்: கூர்மை மழுங்கி மேடு தட்டையானதே பழுத்தது. பறித்தபின் லிச்சி மேலும் பழுப்பதில்லை, ஆதலால் விலை ஏறியிருக்கிறதே என்று முன்பருவத்தில் பச்சை கலந்த பழத்தைப் பறிப்பவர் வாங்குவோரை ஒருமுறைதான் ஏமாற்ற முடியும். விடியற்காலையில், கவாத்துக் கத்தரியால், சில இலைகளோடு கொத்தாக வெட்டி, உடனே நிழலில் ஈரச்சாக்கின் கீழ் வைக்க வேண்டும். பழத்தை இழுத்துப் பிடுங்கினால் காம்படியில் தோல் கிழியும். வெயிலில் கிடந்த பழம் மறுநாளே பழுப்பேறத் தொடங்கும்.

அறுவடை முடிந்த வாரமே கவாத்து. தை, மாசியில் புயல் வருமுன் மரம் இலேசாகிவிட வேண்டும். 1960 பிப்ரவரியில் கேரல், 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ், 2024 ஜனவரியில் பெலால் என்று இந்தத் தீவின் பெரும்புயல்கள் பல வந்தது இந்த மாதங்களில்தான். காய்த்த நுனிகளை ஒன்றரை அடி வெட்டி, நடுவில் நிமிர்ந்து செல்லும் கிளையை அடியோடு எடுத்து, காற்று ஊடுருவ வழி செய்ய வேண்டும். பழைய உயர்ந்த மரத்தை ஒரே ஆண்டில் குட்டையாக்க முயலக் கூடாது. பெரிய கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் இறக்கி, வெயில் புதிதாகப் படும் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசினால் பட்டை வெந்துபோகாது. கவாத்துக்குப் பின் எருவும் தழைச்சத்தும் இட்டு, மாசிக்குப் பிறகு தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும்.

இனிக் குடும்பக் கணக்கு. இந்நாட்டுச் சட்டப்படி பெற்றோர் நிலத்தில் பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனால் நிலத்தைப் பிரிக்காமல் மரத்தை மட்டும் “இது பெரியண்ணனுடையது, அது அக்காவுடையது” என்று வாய்ப்பேச்சில் விட்டுவைப்பதே பல வீடுகளில் வழக்கம். காய்க்கும் ஆண்டு மரத்துக்கு மரம் மாறும் என்பதால் இந்த ஏற்பாடு எவருக்கும் நியாயமாக அமைவதில்லை. பூ வருமுன் எல்லாரும் உட்கார்ந்து, வலை, சட்டம், ஏணி ஆகியவற்றின் செலவைப் பொதுவாக வைத்து, விற்ற பணத்தில் அதை முதலில் கழித்து, மீதியைப் பங்கிடுவதாக எழுதிக்கொள்வது நல்லது. பூவிலேயே மரத்தை மொத்தமாகப் பேசும் வியாபாரியிடம் கொடுப்பதானால், வலை யார் போடுவது, கிளையை முறித்தால் என்ன இழப்பீடு, கவாத்து யார் பொறுப்பு ஆகிய மூன்றையும் முன்பணம் வாங்கும்போதே தாளில் எழுதி வாங்கிவிட வேண்டும். கடைசியாகச் சொன்ன பொறுப்பை மட்டும் எந்த வியாபாரியிடமும் விடாமல் குடும்பமே வைத்துக்கொள்ள வேண்டும்.