வெடிக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடுங்கள்: ஒலி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024இல் ‘கங்குவா’ வெளியானபோது சத்தம் தாங்க முடியவில்லை என்று புகார் கிளம்பியது. ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லி தியேட்டர்காரர்களிடம் கேட்டிருப்பதாகத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா சொன்னார். தியேட்டரில் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் டால்பி ப்ராசஸர்களில் 4க்கு மேல் ஒரு புள்ளி என்பது சுமார் 3.3 டெசிபல். இரண்டு புள்ளி இறக்கினால் வெடிச்சத்தம் மட்டுமா இறங்கும்? வசனமும் அதே அளவு இறங்கும். மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம், அதாவது டைனமிக் ரேஞ்ச், எல்லா ஒலிகளையும் கலக்கிற மிக்ஸிங்கில் தீர்மானமாகிற விஷயம். தியேட்டரின் ஃபேடரால் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழால்) அதைத் திருத்த முடியாது.

அதிகம் நடக்கிற தவறு, சண்டைக் காட்சியை முதல் அடியிலிருந்தே உச்சத்தில் வைப்பது. 24 பிட் ஆடியோவில் கணக்குப்படி 144 டெசிபல் இடம் இருக்கிறது; நாம் மேலே உள்ள ஆறு டெசிபலுக்குள் குடித்தனம் நடத்துகிறோம். இரண்டு நிமிடத்தில் காது பழகிவிடும், அப்புறம் எந்த அடியும் அடியாகத் தெரியாது. காட்சியில் எது பெரிய அடி என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு அரை நொடி முன்பு பிஜிஎம்மை நிறுத்துங்கள், மழையை இறக்குங்கள், கண்ணாடித் துண்டின் மேல் செருப்பு மிதிபடுகிற ஒலியை மட்டும் விடுங்கள். வெடியின் அளவைத் தொடவே வேண்டாம், பெரிதாகக் கேட்கும். “இன்னும் பன்ச் வேணும்” என்று இயக்குநர் கேட்டால் பலரும் வெடியின் ஃபேடரை ஏற்றுகிறார்கள். கை வைக்க வேண்டியது வெடிக்கு முந்தின இடத்தில்.

ஒலியின் உச்சங்களை வெட்டுகிற லிமிட்டரை அழுத்தி சத்தம் கூட்டுவதும் இதே ரகம். துப்பாக்கிச் சத்தத்தின் உயிர் அதன் முதல் சில மில்லிநொடியில் இருக்கிறது. லிமிட்டர் முதலில் சீவுவது அதைத்தான். மீட்டரில் ஏறும், காதில் சுருங்கும்.

அடுத்தது, கேட்கிற அளவு. சினிமா மிக்ஸிங் அறையில் மைனஸ் 20 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்திலிருந்து 20 டெசிபல் கீழே) அளவில் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை விட்டால், திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் உட்காரும் இடத்தில் 85 டெசிபல் தர வேண்டும். வீட்டில் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைவாக வைத்து மிக்ஸ் செய்தால் கை தானாக எல்லாவற்றையும் ஏற்றிவிடும். தியேட்டரில் அது அலறும். ராத்திரி ஹெட்ஃபோனில் செய்தால் நேர்மாறு: நீங்கள் ரசித்து வைத்த மூச்சுச் சத்தம் அரங்கின் ஏசி இரைச்சலில் காணாமல் போகும்.

தியேட்டர் மிக்ஸை அப்படியே ஓடிடிக்குக் கொடுக்கவும் கூடாது. நெட்ஃப்ளிக்ஸ் வசனத்தை வைத்து அளக்கிறது: மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ் (சராசரி சத்தத்தை அளக்கும் அலகு), இரண்டு கூடலாம் குறையலாம், உச்சம் மைனஸ் 2 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் ரிமோட்டும் கையுமாக உட்காரவைப்பது வசனத்துக்கும் சண்டைக்கும் உள்ள பெரிய இடைவெளிதான். வீட்டுக்கென்று தனி மிக்ஸ் செய்துவிடுவது நல்லது.

கேமில் கதையே வேறு. வெடி எப்போது வரும் என்பது ஆடுகிறவர் கையில். பத்து கிரனேட் ஒரே நேரத்தில் வெடிக்கலாம். சினிமா மாதிரி ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாக மெருகேற்றி உள்ளே போட்டால் குப்பைதான் கேட்கும். எது எதை அடக்க வேண்டும் என்ற விதி ஓடும்போதே வேலை செய்ய வேண்டும். கேம் தயாரிக்கும் டைஸ் நிறுவனம் தன் ஃப்ராஸ்ட்பைட் கேம் எஞ்சினில் கொண்டுவந்த எச்டிஆர் ஆடியோ இதைத்தான் செய்கிறது. டாங்கி சுட்டால் கேட்கும் சாளரம் (அந்த நேரத்தில் காதுக்கு விடப்படும் ஒலியளவுகளின் வரம்பு) மேலே நகரும், அதற்குக் கீழே உள்ள மெல்லிய ஒலிகள் தாமாக விழுந்துவிடும். டாங்கியைக் கூட்டாமலே டாங்கி பெரிதாகும். அருமையான யோசனை, ஆனால் சாளரம் மிக வேகமாகக் கீழே திரும்பினால் சூழல் ஒலிகள் எம்பிக் குதிக்கும். எதிரியின் காலடி போல ஆட்டத்துக்குத் தேவையான ஒலிகளுக்கு விலக்கு கொடுக்க மறந்தால், ஆடுகிறவர் ஏன் செத்தோம் என்றே தெரியாமல் சாவார்.

ஆட்டத்தின் நடுவே ஓடும் கதைக் காட்சியான கட்சீனை மட்டும் அளந்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்பதும் வழக்கம். சோனியின் பரிந்துரை வீட்டு கன்சோலுக்கு மைனஸ் 24 எல்யூஎஃப்எஸ் (எல்கேஎஃப்எஸ்ஸுக்கே இன்னொரு பெயர்), கையடக்கக் கருவிக்கு மைனஸ் 18. அளவு எடுக்க வேண்டியது குறைந்தது 30 நிமிட ஆட்டத்தில், அதுவும் சண்டை, நடை, மெனு எல்லாம் கலந்து வருகிற பகுதியில்.