லிங்க் போடுவதற்கு முன்னால்: டெவலப்பர் குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெவலப்பர்கள் கூடும் குழு வாட்ஸ்அப்பில் இருந்தாலும் சரி, டெலிகிராம், ஸ்லாக், டிஸ்கார்ட் என்று எங்கே இருந்தாலும் சரி, ஒரு காட்சி மட்டும் மாறுவதில்லை. யாரோ ஒருவர் 'மெஷின் லேர்னிங் கற்க 50 இலவசத் தளங்கள்' என்று ஒரு லிங்கைப் போடுவார். அடுத்த நிமிடமே பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட லிங்கைத் திறந்திருக்க மாட்டார். போட்டவரும் திறந்திருக்க மாட்டார் என்பதுதான் வேடிக்கை.

தகவல் அரிதாக இருந்த காலத்தில் லிங்க் கொடுப்பதே பெரிய உதவி. இன்றைக்கு எதைத் தேடினாலும் டுடோரியல்கள் கொட்டுகின்றன. அவற்றில் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று சொல்ல ஆள் இல்லாததுதான் கற்பவரின் சிக்கல். அதைச் சொல்லாமல் போடும் ஒவ்வொரு லிங்கும், பகிர்ந்தவர் செய்திருக்க வேண்டிய வேலையைப் படிப்பவர் தலையில் கட்டுகிறது. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்தவைதான்.

பார்க்காமலே பரிந்துரைப்பது

கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் 'ஆசம்' (awesome) என்று பெயர் தொடங்கும் பட்டியல்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2014இல் தொடங்கிய அந்த வழக்கத்துக்கு எழுதிவைத்த விதியே உண்டு: நீங்களோ, பங்களிக்கும் இன்னொருவரோ நேரடியாகப் பரிந்துரைக்கக்கூடியதை மட்டும் பட்டியலில் சேருங்கள் என்கிறது அது. நல்ல விதி. ஆனால் அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிட்ட பட்டியல்கள் ஏராளம். ஒரே தலைப்பில் எண்பது லிங்க் இருந்தால் அதைப் பரிந்துரை என்று சொல்ல முடியாது, தேடல் முடிவின் நகல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைச் சரிசெய்யப் பெரிய உழைப்பு தேவையில்லை, இரண்டு மூன்று வரி போதும். 'கிட் ரீபேஸ் குழப்புகிறது என்பவர்களுக்கு இந்தத் தொடரின் இரண்டாவது வீடியோ. முதல் வீடியோவைத் தாண்டிவிடலாம். நான்காவதிலிருந்து அவர் தன் சொந்த டூலை விற்க ஆரம்பித்துவிடுகிறார்.' இப்படி ஒருவர் எழுதினால் அவர் பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது, யாருக்கு உதவும் என்று தெரிகிறது, எங்கே நிறுத்தலாம் என்றும் தெரிகிறது. நீங்களே இன்னும் படிக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடலாம்: 'படிக்கவில்லை, தலைப்பு பிடித்தது, யாராவது படித்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.' அதில் ஒரு குறையும் இல்லை.

இதற்கு நெருங்கிய சொந்தம் இன்னொன்று. டாக்கர் வால்யூம் ஏன் காலியாக வருகிறது என்று ஒருவர் கேட்பார். பதிலாக ஆறு முழுநீள டாக்கர் கோர்ஸ்களின் லிங்க் வரும். கேட்டவருக்குத் தேவைப்பட்டது ஒரு பத்தி. 'ஆரம்பநிலைக்கு ஏற்றது' என்ற சொல்லையும் இங்கேயே சேர்த்துவிடலாம். பத்து வருட அனுபவம் உள்ளவருக்கு எல்லாமே ஆரம்பநிலைதான். அந்தச் சொல்லுக்குப் பதில், தொடங்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினால் போதும். லினக்ஸ் டெர்மினல் பழக்கம் வேண்டும், ஜாவாஸ்கிரிப்ட்டில் ப்ராமிஸ் புரிந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி.

எந்த ஆண்டு, எந்த வெர்ஷன்

மருந்து அட்டையில் காலாவதித் தேதி அச்சடித்திருப்பார்கள். டுடோரியலுக்கு அப்படி யாரும் அச்சடிப்பதில்லை. அதனால் அந்த வேலை பகிர்பவருடையது.

வலைப்பக்கங்கள் கட்ட உதவும் ரியாக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் வந்த 16.8 வெர்ஷனில் ஹூக்ஸ் சேர்ந்த பிறகு எழுதும் முறையே மாறிவிட்டது. அதற்கு முந்தைய பாடம் கிளாஸ் காம்போனென்ட்டில் தொடங்கும். பிந்தைய பாடங்களிலும் கணிசமானவை 'கிரியேட் ரியாக்ட் ஆப்' கமாண்டோடு தொடங்குகின்றன. புதிய புராஜெக்ட்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே சொல்லிவிட்டது. புதிதாகக் கற்பவர் இதையெல்லாம் அறியார். முதல் கமாண்டிலேயே எச்சரிக்கை வந்து விழும்போது பாடம் பழையது என்று அவருக்குத் தோன்றாது, தனக்கு இது வராது என்றுதான் தோன்றும். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. இன்னமும் அதில் எழுதிய பயிற்சிப் பிடிஎஃப்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் உள்ள பிரிண்ட் வரியே பைத்தான் 3இல் ஓடாது.

இவை நேரத்தைத்தான் தின்னும். ஆபத்தானவையும் உண்டு. பிஎச்பி மொழியில் டேட்டாபேஸோடு பேச உதவிய பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் 2013இல் கைவிடப்படுபவையாக அறிவிக்கப்பட்டு, 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7இல் முற்றிலும் நீக்கப்பட்டன. அவற்றை வைத்து லாகின் பக்கம் கட்டச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் பல, பயனர் தட்டச்சு செய்வதை அப்படியே குவெரிக்குள் ஒட்டும். தாக்குபவர் தன் கட்டளையை டேட்டாபேஸுக்குள் நுழைக்கும் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனுக்கு அதைவிட அகலமாகக் கதவைத் திறந்துவைக்க முடியாது. பாஸ்வேர்டை எளிதில் உடைக்கக்கூடிய எம்டி5 முறையில் சேமிக்கச் சொல்லும் பாடமும் இதே ரகம். ஃபங்ஷன் பெயரை மட்டும் புதியதாக மாற்றிக்கொண்டு, குவெரிக்குள் ஒட்டும் அந்தப் பழக்கத்தை அப்படியே தொடர்பவர்களும் இருக்கிறார்கள்.

பழையது என்றாலே ஒதுக்க வேண்டும் என்று சொல்லவரவில்லை. அல்காரிதம், டிசிபி எப்படி வேலை செய்கிறது, எஸ்கியூஎல் ஜாயின், கிட்டின் உள்ளமைப்பு இவையெல்லாம் மெதுவாகத்தான் வயதாகின்றன. இருபது வருடத்துக்கு முந்தைய நல்ல விளக்கம் இன்றும் சிறந்த விளக்கமாக இருக்கலாம். ஃப்ரன்ட்எண்ட் ஃப்ரேம்வொர்க், கிளவுட் கன்சோலின் ஸ்க்ரீன்ஷாட் என்றால் ஒரு வருடம் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். எந்த வகை என்று பார்த்து ஆண்டையும் வெர்ஷனையும் லிங்கின் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

டூலைப் பகிர்வது வேறு விவகாரம்

கட்டுரை தவறாக இருந்தால் ஒரு மாலைப்பொழுது வீணாகும். டூல் தவறாக இருந்தால் இன்னொருவர் கம்ப்யூட்டரில் அந்நியரின் கோடு ஓடும். குழுக்களில் இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'இந்த ஒரு வரியை டெர்மினலில் ஒட்டுங்க, வேலை முடிஞ்சுது' என்று ஒரு செய்தி வரும். கர்ல் கொண்டு ஸ்கிரிப்டை இணையத்திலிருந்து இறக்கி, அதை ஓட்டும் பாஷுக்குள் நேராகத் தள்ளும் வரி அது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அங்கே இடைவெளியே இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கோட்கவ் என்ற டெஸ்ட் கவரேஜ் சேவையின் பாஷ் ஸ்கிரிப்டை 2021 ஜனவரி இறுதியில் யாரோ ரகசியமாக மாற்றிவிட்டார்கள். ஏப்ரல் 1 வரை அது யார் கண்ணிலும் படவில்லை. அந்த இடைவெளியில் அதை ஓட்டிய சிஐ சர்வர்களின் (கோடைத் தானாகச் சோதிக்கும் சர்வர்கள்) என்விரான்மென்ட் வேரியபிள்கள், அதாவது ரகசிய டோக்கன்களும் கீகளும், வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தன. கண்டுபிடித்தவர் ஒரு வாடிக்கையாளர். கிட்ஹப்பில் போட்டிருந்த ஹேஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை மாதிரி) தான் இறக்கிய கோப்பின் மதிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார், பொருந்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒப்பீட்டுக்குச் சில விநாடிகள் போதும், ஆனால் செய்பவர்கள் குறைவு.

பெயரிலும் கவனம் வேண்டும். 2017இல் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மில் 'கிராஸ்என்வ்' என்று ஒரு பேக்கேஜ் இருந்தது. உண்மையான பேக்கேஜின் பெயரில் நடுவே ஒரு ஹைஃபன் உண்டு. ஹைஃபன் இல்லாத போலி, இன்ஸ்டால் செய்தவரின் என்விரான்மென்ட் வேரியபிள்களைத் திருடியது. குழுவில் நினைவிலிருந்து பெயரை எழுதிப்போடும் நல்ல மனிதர்தான் இந்த வலைக்கு ஆள்பிடித்துக் கொடுப்பவர். இப்போது இதில் ஏஐ வேறு சேர்ந்துவிட்டது. சாட்பாட் சில நேரம் இல்லாத பேக்கேஜுக்குக்கூட நம்பும்படியான பெயரைச் சொல்லும். அந்தப் பெயரில் யாராவது தீய நோக்கத்தோடு ஒன்றைப் பதிவுசெய்துவிட்டால் கதை முடிந்தது. எனவே ஏஐ கொடுத்த டூல் பட்டியலை அப்படியே குழுவில் ஒட்டுவது, மேலே சொன்ன எல்லாத் தவறுகளையும் ஒரே மூச்சில் செய்வதற்குச் சமம். ஒவ்வொன்றையும் அதன் அதிகாரபூர்வப் பக்கத்தில் போய்ப் பார்த்து, அந்தப் பக்கத்தின் முகவரியைப் போடுங்கள்.

'நான் வருஷக்கணக்கா இதைத்தான் யூஸ் பண்றேன்' என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பிரபலமான பேக்கேஜைப் பராமரித்தவர், உதவ முன்வந்த ஒருவரிடம் 2018இல் பொறுப்பை ஒப்படைத்தார். புதியவர் சேர்த்த ஒரு டிபென்டென்சி (அது சார்ந்திருக்கும் இன்னொரு பேக்கேஜ்) கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்தது. அதனால் பகிரும் அன்றைக்கு ஒருமுறை எட்டிப்பாருங்கள்: கடைசி ரிலீஸ் எப்போது, பராமரிப்பவர் மாறியிருக்கிறாரா, இஷ்யூ பக்கத்தில் யாராவது அலறிக்கொண்டிருக்கிறார்களா. பிரவுசர் எக்ஸ்டென்ஷன் என்றால் அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்றும் பாருங்கள்.

'ஃப்ரீதான்' என்று சொல்வது

யாருக்கு ஃப்ரீ, எதற்கு ஃப்ரீ என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் பின்னால் சங்கடம். டாக்கர் டெஸ்க்டாப் தனிநபருக்கு இலவசம். ஆனால் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் அல்லது ஆண்டு வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனத்தில் பயன்படுத்தக் கட்டணச் சந்தா வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் விதி மாறியது. கிளவுட் சர்வர்களைக் கோடால் அமைக்க உதவும் டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்டில் திறமூல லைசென்ஸிலிருந்து விலகியது, அதன் விளைவாகப் பிறந்த திறமூல மாற்றுதான் ஓபன்டோஃபு. இரண்டு வருடத்துக்கு முன் தெரிந்துகொண்ட லைசென்ஸ் விவரத்தை இன்றைக்கும் அதுதான் என்று சொல்லிவிட முடியாது.

கிட்ஹப்பில் பொதுவில் கிடக்கும் கோடு எல்லாம் எடுத்தாளலாம் என்ற நினைப்பும் பரவலாக உண்டு. லைசென்ஸ் கோப்பு இல்லாத ரெப்போவில் (கோடு வைத்திருக்கும் இடம்) காப்புரிமை முழுக்க எழுதியவருடையது. படிக்கலாம், உங்கள் புராடக்ட்டில் ஒட்டிவிட அனுமதி இல்லை. எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் என்று எது இருக்கிறது என்பதை டூலின் பெயரோடு சேர்த்து எழுதுவது நல்லது.

காசு கொடுத்து வாங்க வேண்டிய புத்தகத்தின் திருட்டுப் பிடிஎஃப், கோர்ஸ் கணக்கின் பாஸ்வேர்டு இவற்றைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. போடாதீர்கள். ஆசிரியர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் இலவசமாக வைத்திருக்கும் நூல்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைத் தேடித் தாருங்கள். அப்புறம், அஃபிலியேட் லிங்க் போட்டு கமிஷன் வாங்குகிறீர்கள் என்றால் அதை அந்தச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் உங்களுடைய பழைய நல்ல பரிந்துரைகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

கூடவே ரகசியமும் போய்விடுவது

தன் எடிட்டர் செட்டிங்ஸ், ஷெல் கான்ஃபிக், டாக்கர் கம்போஸ் கோப்பு இவற்றைப் பகிர்வது மிக நல்ல பழக்கம். ஆனால் அவற்றுக்குள் ஏபிஐ கீ, உள் சர்வர் பெயர், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரீன்ஷாட்டின் ஓரத்தில் திறந்திருக்கும் டேபிலும் இருக்கும். தவறுதலாக வெளியே போய்விட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பது போதாது. கிட் வரலாற்றில் பழைய கமிட் அப்படியே இருக்கும், அதற்குள் யாராவது நகலெடுத்தும் இருக்கலாம். முதலில் கீயை ரத்துசெய்து புதியது எடுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாட்டில் புதைப்பது

நல்ல பரிந்துரையே என்றாலும் அரட்டைக்குள் போட்டால் இரண்டு நாளில் மேலே போய்விடும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் செய்திகளை மட்டுமே பார்க்க முடியும். அதற்கு முந்தைய பொக்கிஷம் எல்லாம் கைக்கு எட்டாது. டிஸ்கார்டு குழுவுக்குள் நடக்கும் பேச்சு பொதுத் தேடலில் அகப்படாது. ஆகவே ஒரே கேள்வி மாதாமாதம் வரும், மாதாமாதம் வேறு வேறு லிங்க் பதிலாகப் போகும்.

ஒரு ரெப்போவோ விக்கியோ வைத்து, தலைப்புக்கு ஐந்துக்கு மேல் போகாமல் எழுதிவைக்கலாம். ஆறாவது வர வேண்டுமானால் ஒன்று வெளியேற வேண்டும் என்பது என் தனிப்பட்ட சிபாரிசு; கறாராகத் தெரியும், ஆனால் விவாதத்தைத் தரமாக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

லிங்க்குகளுக்கு ஆயுள் குறைவு. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. சுருக்கிய லிங்க் இன்னும் பலவீனம்: உண்மையான பக்கம் உயிரோடு இருந்தாலும் நடுவில் உள்ள சேவை மூடினால் வழி அடைபட்டுவிடும். கூகுளின் சொந்தச் சுருக்கச் சேவையே 2019இல் புதிய லிங்க் உருவாக்குவதை நிறுத்தியது, பயன்பாட்டில் இல்லாத பழைய லிங்க்குகள் 2025 ஆகஸ்டில் செயலிழந்தன. முழு முகவரியையே கொடுங்கள், பக்கத்தின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். லிங்க் செத்தாலும் அவற்றை வைத்துத் தேடலாம், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக, தவறான பரிந்துரையைப் பார்த்தால் என்ன செய்வது? பாஸ்வேர்டோ கீயோ வெளியாகியிருந்தால் குழுவில் சுட்டிக்காட்டாமல் தனிச்செய்தியில் உடனே சொல்லுங்கள், இல்லாவிட்டால் பார்க்காதவர்களும் போய்ப் பார்ப்பார்கள். பாடம் பழையது, பேக்கேஜ் கைவிடப்பட்டது போன்றவற்றைப் பொதுவிலேயே சொல்லலாம், கூடவே மாற்று ஒன்றையும் கொடுத்துவிடுங்கள். பகிர்ந்தவர் தன் செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிடக் கூடாது. அதற்குள் அதைப் பார்த்து இன்ஸ்டால் செய்தவர்கள் இருப்பார்கள், எதை நீக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். போலி பேக்கேஜின் லிங்க்கை மட்டும் எடுத்துவிட்டு, அதன் பெயரையும் என்ன சிக்கல் என்பதையும் அதே செய்தியில் எழுதிவையுங்கள்.