ஸ்லீப் அப்னியாவை ஆபீஸ் டென்ஷன்னு நெனச்சு நாம பண்ற தப்புங்க

மூணு வருஷம் நான் இதை ஆபீஸ் டென்ஷன்னே நெனச்சுட்டு இருந்தேன். ராத்திரி ரெண்டரை மூணு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுட்டு முழிப்பு வரும், கண்ணு தொறந்ததும் மறுநாள் பேரோல் வேலை ஞாபகம் வரும், சரி அந்த பயத்துலதான் முழிச்சிருக்கோம்னு நானே ஒரு காரணம் சொல்லிக்குவேன். காலைல எந்திரிச்சா தலைவலி, மதியம் சாப்பிட்ட பிறகு ஸ்க்ரீன்ல இருக்கற எண்ணெல்லாம் கலங்கும், டீம்ல யார் என்ன கேட்டாலும் சுள்ளுன்னு கோவம். தர்மபுரில இருந்து அம்மா வந்து என் ரூம்ல படுத்த ரெண்டாவது நாள்தான், "கண்ணு, நீ தூங்கறப்போ மூச்சு நின்னு நின்னு வருது, நான் பயந்துபோய் எண்ணிட்டே உக்காந்திருந்தேன்"னு சொன்னாங்க.

தூக்கத்துல மூச்சை அளக்கற டெஸ்ட்ல, மணிக்கு 34 தடவை மூச்சு தடைபடுதுன்னு வந்துச்சு, இதுக்குப் பேர்தான் ஸ்லீப் அப்னியா. மூச்சு முழுசா நிக்கறதோ பாதியா குறையறதோ ஒவ்வொண்ணும் 10 செகண்டாவது நீடிச்சாதான் கணக்குல சேரும், அப்படி மணிக்கு 5ல இருந்து 15 வரைக்கும் லேசு, 15ல இருந்து 30 நடுத்தரம், 30க்கு மேல போனா தீவிரம். ஏஹெச்ஐன்னு ரிப்போர்ட்ல இருக்கற எண் இதுதான். இதுக்குக் குடுத்தது சிபாப் மெஷின், தூங்கும்போது முகத்துல ஒரு மாஸ்க் மாட்டிக்கணும், அது வழியா காத்தை அழுத்தி அனுப்பி மூச்சு வழியை அடைபடாம வச்சுக்கும்.

முதல் தப்பே இந்த "டென்ஷன்"ங்கற பேர்தான். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழி அடைபடுது, ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது, மூளை பயந்து அட்ரினலினைக் கொட்டி நம்மள உசுப்புது. அதாவது படபடப்பு முதல்ல வருது, ஆபீஸ் கவலை அதுக்கப்புறம் வந்து ஒட்டிக்குது, நாம அதைத் தலைகீழா புரிஞ்சுக்கறோம். பொம்பளைங்க விஷயத்துல இது இன்னும் மோசம், ஏன்னா குறட்டைன்னா ஆம்பளைங்க சமாச்சாரம்னு எல்லாரும் நெனச்சு வச்சிருக்காங்க, நாம போய் அசதி, தலைவலி, தூக்கம் வரலன்னு சொன்னா "வீட்டு வேலை ஆபீஸ் வேலை ரெண்டும் பாக்கறீங்கல்ல, ரெஸ்ட் எடுங்க"ன்னு அனுப்பிடறாங்க. மாதவிடாய் நின்ன பிறகு பெண்களுக்கு இது வர்ற வாய்ப்பு கூடுது, நாற்பத்தஞ்சு தாண்டினவங்க தயவுசெஞ்சு கவனிங்க.

இதோட தொடர்ச்சியா வர்ற தப்பு, டென்ஷனுக்குன்னு மாத்திரை வாங்கறது. சில தூக்க மாத்திரைங்களும் பதட்டத்துக்குக் குடுக்கற அல்ப்ரசோலம் மாதிரி மாத்திரைங்களும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சு நிக்கறதை அதிகப்படுத்தலாம். ஏற்கனவே சாப்பிட்டுட்டு இருந்தா நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, அதுவும் ஆபத்து, ஆனா எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட எனக்கு ஸ்லீப் அப்னியா இருக்கு, இல்ல சந்தேகம் இருக்குன்னு கட்டாயம் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை டீம் பார்ட்டில குடிக்கறதும் அதே வேலையைத்தான் பண்ணுது, ரெண்டு பெக் போட்டா நல்லா தூக்கம் வருதுன்னு சொல்றவங்களுக்கு அன்னைக்கு ராத்திரிதான் ஆக்சிஜன் ரொம்ப இறங்கும்.

நான் அதிகமா சொல்லணும்னு நெனைக்கறது ராத்திரில வர்ற ஆபீஸ் போன் கால் பத்திதான், ஏன்னா பெங்களூர்ல நம்மள மாதிரி பாதிப் பேரோட பொழப்பு அமெரிக்கா கடிகாரத்துல ஓடுது. கலிஃபோர்னியால காலைல ஒன்பதரைன்னா நமக்கு ராத்திரி பத்து, நவம்பர் ஆரம்பத்துல அவங்க கடிகாரத்தை மாத்தினா அதே கால் பதினொண்ணுக்குப் போயிடும். கால் முடிஞ்சு லேப்டாப் மடில இருக்கும்போதே சோஃபால சாஞ்சு தூங்கிடுவேன், மூணு மணிக்கு முழிச்சு பெட்டுக்குப் போவேன், இனிமே எதுக்கு மாஸ்க்குன்னு அப்படியே படுத்துடுவேன். இல்லன்னா மாஸ்க் போட்டுத் தூங்கி நாலு மணிக்கு பாத்ரூம் போயிட்டு வந்து கழட்டி வச்சுடுவேன். நாலு மணி நேரம் போட்டாச்சே போதாதான்னு ஒரு திருப்தி வேற. போதாது. கனவு வர்ற ஆர்இஎம் தூக்கம் ராத்திரியோட பின்பாதிலதான் அதிகம், அந்த நேரத்துல உடம்புத் தசை எல்லாம் கிட்டத்தட்ட செயலிழந்த மாதிரி தளர்ந்துடும், அதனால நெறைய பேருக்கு அப்னியா அப்பதான் ரொம்ப மோசமாகுது. அதாவது பாதுகாப்பு ரொம்பத் தேவைப்படற நேரமா பாத்து நான் மாஸ்க்கைக் கழட்டிட்டு இருந்திருக்கேன். காலைல மெஷின் ஸ்க்ரீன்ல ஏஹெச்ஐ 3ன்னு காட்டும், ரொம்ப நல்லா இருக்கேன்னு சந்தோஷப்படுவேன், ஆனா மாஸ்க் போட்டிருந்த நேரத்தை மட்டும்தான் மெஷின் எண்ணும், மீதி மூணு மணி நேரம் என்ன நடந்துச்சுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. அதனால ஏஹெச்ஐக்குப் பக்கத்துல எத்தனை மணி நேரம் போட்டீங்கங்கற எண்ணையும் பாருங்க. கால் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பல் தேச்சு, மாஸ்க்கை எடுத்து தலையணை மேல வச்சுடுங்க, சோஃபால உக்காந்து பேசாதீங்க, நாற்காலி மேசைதான். மதியம் அரை மணி நேரம் படுத்தாலும் மாஸ்க் போட்டுட்டே படுங்க, நைட் ஷிஃப்ட் பாக்கறவங்க பகல் தூக்கத்துக்கும் அப்படித்தான்.

டிசம்பர்ல இங்க குளிர் வந்ததும் நெறைய பேர் மெஷினை ஓரங்கட்டறதுக்கு ஒரு சின்ன காரணம் இருக்கு. ஹ்யுமிடிஃபையர்ல இருந்து வர்ற ஈரக் காத்து குளிர்ந்த ட்யூபுக்குள்ள தண்ணியா மாறி குளுகுளுன்னு சத்தம் போடும், சில நாள் மூக்குலயே சொட்டும், தூக்கத்துல அது முகத்துல பட்டா யாருக்கும் எரிச்சல் வரும், உடனே கழட்டி எறிஞ்சுடுவோம். ட்யூபைச் சுத்தி ஒரு பழைய காட்டன் துணியைச் சுத்தி தைங்க, மெஷினைத் தலைமாட்டை விடக் கீழ, ஸ்டூல் மேல வைங்க, தண்ணி ட்யூப்ல இருந்து திரும்ப மெஷின் பக்கமே வடிஞ்சுடும், ஈரப்பத அளவையும் ஒரு படி குறைங்க. டேங்க்ல டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊத்தணும், நம்ம ஏரியா போர் தண்ணி ஊத்தினா ஒரு வாரத்துல வெள்ளையா உப்பு படியும்.

மேனேஜர்கிட்ட சொல்றதுல நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க. நான் ஒரு வருஷம் மறைச்சேன், அப்புறம் ஒரு அப்ரைசல் மீட்டிங்ல, ஏன் இத்தனை எரர்னு கேட்டப்போ, அழுதுட்டே எல்லாத்தையும் கொட்டினேன். அந்த நேரத்துல சொன்னா அது சாக்கு மாதிரிதான் கேக்கும். நல்லா வேலை ஓடிட்டு இருக்கற ஒரு சாதாரண நாள்ல, வியாதிக் கதை முழுசா சொல்லாம, என்ன வேணுங்கறதை மட்டும் துல்லியமா கேளுங்க: ராத்திரி பதினொண்ணு வரைக்கும் கால் இருந்தா மறுநாள் காலை எட்டரை டீம் மீட்டிங்குக்கு நான் வரல, இல்ல வாரத்துக்கு ரெண்டு லேட் கால் மட்டும், இல்ல மாறி மாறி வர்ற ஷிஃப்ட் வேண்டாம், ஒரே ஷிஃப்ட் குடுங்க. கூடவே டாக்டர் லெட்டர் ஒண்ணு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகைல ஸ்லீப் அப்னியா இல்ல, அதனால சட்டத்தைக் காட்டி வாங்கலாம்னு நம்பி இருக்காதீங்க, பேசித்தான் வாங்கணும். மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனி இன்ஷூரன்ஸ்ல வருமான்னும் கேட்டுடுங்க, பல பாலிசில வர்றதில்ல.

சாயந்திரம் ஆறு மணி ஃபில்டர் காபியை விடுங்க, அதுல பாதி காஃபின் ராத்திரி பதினொண்ணுக்கும் உடம்புல இருக்கும். உடம்பு எடை குறைஞ்சா அப்னியாவும் குறையும், ஆனா பத்து கிலோ குறைச்சுட்டு அப்புறம் மெஷின் போடறேன்னு தள்ளிப் போடறது தப்பு, தூக்கம் இல்லாத உடம்புல பசிதான் கூடும்.

ஊருக்குப் போறப்போ மெஷினை வீட்லயே விட்டுட்டுப் போறது இன்னொண்ணு. வெள்ளி ராத்திரி மடிவாளால பஸ் ஏறி, ஞாயிறு ராத்திரி பஸ்ல திரும்பினா மூணு ராத்திரி மெஷின் இல்லாமப் போகும், அப்புறம் திங்கக்கிழமை எப்படி இருக்கும். நான் இப்ப சனிக்கிழமை காலைல கிளம்பறேன், மெஷின் பை தோள்லயே இருக்கும், ஞாயிறு மதியமே திரும்பிடுவேன்.

கடைசியா வண்டி ஓட்டறது. தூக்கக் கலக்கத்தை அளக்கற எப்வொர்த் ஸ்கேல்னு 8 கேள்வி இருக்கு, மொத்தம் 24 மார்க், 10க்கு மேல வந்தா டாக்டரைப் பாக்கணும். அதுல ஒரு கேள்வி, ட்ராஃபிக்ல வண்டி சில நிமிஷம் நிக்கும்போது கண் அசருவீங்களான்னு. சில்க் போர்டு சிக்னல்ல எனக்கு அப்படி ரெண்டு தடவை ஆச்சு, ரெண்டாவது தடவை பின்னாடி வண்டிக்காரங்க ஹாரன் அடிச்சும் எனக்குக் கேக்கல, ஒரு ஆட்டோக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி எழுப்பினாரு. அப்ப கால் பிரேக்ல இருந்து நழுவி இருந்தா முன்னாடி ஒரு ஸ்கூட்டர்ல அம்மாவும் ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணும் இருந்தாங்க. அன்னைக்கு சாவியை வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டேன். ட்ரீட்மென்ட் சரியா ஆரம்பிச்சு பகல் தூக்கம் முழுசா போய், டாக்டரும் சரின்னு சொல்ற வரைக்கும் ஓட்டாதீங்க. எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் மெட்ரோ வந்ததுல இருந்து நான் அதுலதான் போறேன்.