வங்கி நோட்டீஸ் வந்த லைன் வீட்டை வாங்குவது எப்படி?

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் ஒரு லைன் வீடு (வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட சின்ன வீடுகள்) "அர்ஜென்ட் சேல்" என்று புரோக்கர் வாயில் வந்தால், பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு வங்கிக் கடன் நிற்கும். பனியன் கம்பெனிக்காக வாங்கிய கடன், ஆர்டர் நின்றதும் தவணையும் நின்றிருக்கும். ஏலத்துக்குப் போவதற்குள் விற்று அடைக்கப் பார்ப்பார்கள். விலையும் குறைவு, மாதாமாதம் வாடகையும் வருகிறது என்றால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

எல்லோரும் கடனைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் அது சுலபமான பாதி. பாக்கி எவ்வளவு என்று வங்கி பைசா சுத்தமாக எழுதிக் கொடுத்துவிடும். வீடு யாருடையது என்று எழுதிக் கொடுக்கத்தான் ஆள் கிடையாது. "பட்டா அப்பா பேர்ல இருக்குதுங்க, நாங்க அண்ணன் தம்பி ரெண்டு பேருதானுங்க" என்ற பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர்கள்தான் கோர்ட்டில் நிற்கிறார்கள். இந்துக் குடும்பத்துச் சொத்து என்று வைத்துக்கொண்டு வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

1. நோட்டீஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

தவணை 90 நாள் கடந்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின், கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி ஈட்டுச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டத்தின் 13(2) பிரிவில் வங்கி நோட்டீஸ் அனுப்பும். கட்ட 60 நாள் அவகாசம். கட்டாவிட்டால் சொத்தை வங்கி எடுத்துக்கொண்டது என்ற சுவாதீன அறிவிப்பைச் சுவரில் ஒட்டி, பேப்பரிலும் போடுவார்கள். அப்புறம்தான் ஏல அறிவிப்பு.

நோட்டீஸின் நகலை வாங்கித் தேதியைப் பாருங்கள். இரண்டு விஷயம் முக்கியம். 13(2) நோட்டீஸ் கைக்கு வந்தபின், வங்கியின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கக் கூடாது என்று 13(13) பிரிவு சொல்கிறது. இன்னொன்று, கடனை அடைத்துச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். ஆகவே உங்களுக்கு இருக்கும் காலமும் அவ்வளவுதான். புரோக்கர் இதைச் சொல்லியே அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

2. வில்லங்கம் எடுங்கள்

பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்தது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். அடமானம் எம்.ஓ.டி. (அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்த ஆவணம்) என்று அதில் பதிவாகியிருக்கும். நம்ம ஊரில் இன்னொன்றையும் தேட வேண்டும்: பழைய கிரய ஒப்பந்தமோ பொது அதிகார ஆவணமோ யாரோ ஒரு வெளியாள் பெயரில் இருக்கிறதா? பல சமயம் அது விற்பனைக்குப் போட்டதே இல்லை, பைனான்ஸில் வாங்கிய கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது. அதை ரத்து செய்து பதிவு செய்யாமல் மேலே போகாதீர்கள்.

வில்லங்கத்தில் வராதவையும் உண்டு. சாவு வராது. பதியாத உயில் வராது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது. போக்கியமும் (மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகை இல்லாமல் குடியிருப்பது) பதியாவிட்டால் வராது. நிலுவையில் உள்ள வழக்கும் பெரும்பாலும் வராது. அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தனியாகத் தேட வேண்டும்.

3. ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் போங்கள்

இதைத்தான் பலர் செய்வதில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு லீவில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். விற்பவரும் புரோக்கரும் இல்லாமல் போங்கள். ஒவ்வொரு கதவிலும் கேட்க வேண்டியது நாலே கேள்வி: வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், வாடகையை யார் கையில் கொடுக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் குடும்பக் கதையே இருக்கும். முதல் நாலு வீட்டு வாடகை அண்ணன் கைக்கும், அடுத்த மூன்று தம்பிக்கும், கடைசி வீட்டு வாடகை "பெருமாநல்லூர்ல இருக்கற அக்கா"வின் ஜிபே நம்பருக்கும் போகிறது என்றால், புரோக்கர் சொல்லாத ஒரு பங்குதாரர் கிடைத்துவிட்டார்.

வருமானமும் இங்கேதான் தெளியும். எட்டு வீடு, வீட்டுக்கு 4,500 ரூபாய் என்றால் மாதம் 36,000. ஆனால் அதில் ஒரு வீட்டுக்காரர் 3 லட்சம் போக்கியம் கொடுத்து வாடகையே இல்லாமல் குடியிருக்கலாம். அப்போது மாதம் 31,500-தான். கூடவே அந்த 3 லட்சத்தை ஒருநாள் நீங்கள்தான் திருப்பித் தர வேண்டிவரும். மற்றவர்களின் அட்வான்ஸையும் கூட்டி, மொத்தத்தையும் விலையில் கழியுங்கள்.

4. கையெழுத்துகளை எண்ணுங்கள்

பெயரில் இருப்பவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றும் கேளுங்கள். அவர் தானாகச் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய் என எல்லோருக்கும் சம பங்கு.

"அக்காவுக்குத்தான் நகை போட்டுச் சீர் செஞ்சாச்சுங்களே" என்று கட்டாயம் சொல்வார்கள். சீர் சீர்தான், பங்கு பங்குதான். அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்திருந்தால் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் கிரயத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வீட்டுக்கே போய் ஒருமுறை பேசிவிடுங்கள். "கையெழுத்து வாங்கிடலாங்க" என்று தம்பி சொல்வதற்கும் அக்கா வாயால் கேட்பதற்கும் நிறைய தூரம்.

மகள் ஒருவர் இறந்திருந்தால் எப்போது என்று பாருங்கள். தகப்பனுக்கு முன்பே என்றால் அவருடைய பிள்ளைகளுக்குப் பங்கு. தகப்பனுக்குப் பின் என்றால் பிள்ளைகளோடு மாப்பிள்ளையும் கையெழுத்திட வேண்டும். மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வாங்கச் சொல்லுங்கள். அது இல்லாத கிரயத்தை, 18 வயது ஆனபின் 3 வருஷத்துக்குள் அந்தப் பிள்ளை எதிர்க்கலாம். பாட்டன் காலத்துப் பூர்வீகச் சொத்து என்றால் கணக்கே வேறு, வக்கீலிடம் போய்விடுங்கள்.

5. அடமானம் வைத்தது யார்?

அப்பா தன் சுயசம்பாத்திய வீட்டைத் தானே அடமானம் வைத்துவிட்டு இறந்திருந்தால், வாரிசுகள் எல்லோரையும் அந்த அடமானம் கட்டும். அப்படிப்பட்ட வீட்டில் வாரிசுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் நேரடியாக வாங்க அலையாதீர்கள், ஏலத்துக்குக் காத்திருப்பதே மேல் என்பேன். அப்பா இறந்தபின் ஒரு மகன் மட்டும் வைத்திருந்தால், அவர் பங்கைத்தான் அது கட்டும். ஏலத்தில் எடுத்தாலும் அக்கா வழக்கோடு வருவார். இந்த ரகத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

6. பணம் போக வேண்டிய வழி

கையெழுத்துக் கணக்கு நேரானபின்தான் அட்வான்ஸ். விற்பவர் எல்லோரும், நீங்கள், வங்கி என்று முத்தரப்பு ஒப்பந்தம் போடுங்கள். அன்றைய தேதி வரை மொத்த பாக்கி எவ்வளவு என்று வங்கியின் கடிதம் வேண்டும். இதே வீட்டை வேறு கடனுக்கும் ஈடாகக் காட்டியிருக்கிறார்களா என்றும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்; கம்பெனியின் ஓ.டி. (ஓவர்டிராப்ட்) கடன் கணக்கு தனியாக இருக்கும்.

பாக்கிப் பணம் கடன் கணக்கின் பெயருக்கே டி.டி.யாகப் போகட்டும். அசல் பத்திரங்கள், எம்.ஓ.டி. ரத்து ரசீது, கிரயம் மூன்றும் முடிந்தால் ஒரே நாளில். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கை மாறக் கூடாது. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டி.டி.எஸ். வரி பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தையும் கணக்கில் வையுங்கள். ஒன்று: பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே உரிமை உறுதியாகிவிடாது, அதைப் பார்ப்பது சார்பதிவாளர் வேலை இல்லை.

7. கிரயத்துக்குப் பின்

பட்டா, வீட்டு வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் வழக்கமான வேலைதான். குடியிருப்பவர்களுக்கு, இனி வாடகை யாருக்கு என்று பழைய உரிமையாளர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். புதிய வாடகை ஒப்பந்தங்களை 2017 வாடகைச் சட்டப்படி எழுதி வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். போக்கியத்துக்கு இருப்பவரிடம் பேசி, பணம் எப்போது, வீடு காலி எப்போது என்று தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.