தெருவில் சுழலும் காற்றுக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது? ஒரு வானிலைச் சொல்லை மொழிபெயர்க்கும் முறை

நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் மண்டல வானிலை ஆய்வு மையமும் இருக்கிறது, பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸும் இருக்கிறது. பிரெஞ்சு படித்து முடித்துத் தொழில்நுட்ப மொழிபெயர்ப்புக்குள் நுழைகிற சென்னை மாணவர்களுக்கு இந்த இரண்டு வாசல்களும் தேவை என்பது என் உறுதியான எண்ணம். நகர வெப்பம், அடுக்குமாடிகள், காற்று மாசு பற்றிய ஆங்கில அறிக்கைகளில் வருகிற சொற்கள் மொழி அறிவால் மட்டும் பிடிபடுவதில்லை. காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்த பிறகுதான் சரியான பிரெஞ்சுச் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும்.

‘ஸ்ட்ரீட் கேன்யன்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து பார்ப்போம்.

படி 1: சொல்லைத் தனியாக எடுக்காதீர்கள்

வாக்கியத்தோடு எடுங்கள். நம் வாக்கியத்தின் பொருள் இது: “கடற்காற்று தெருவுக்குக் குறுக்கே வீசும்போது ஸ்ட்ரீட் கேன்யனுக்குள் ஒரு சுழல் உருவாகி, வாகனப் புகை ஒரு பக்கச் சுவரோரம் தேங்குகிறது.” குறுக்கே, சுழல், ஒரு பக்கச் சுவர் ஆகிய மூன்றையும் அடிக்கோடிட்டு வையுங்கள். எந்தத் துறையின் வாக்கியம் என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். இங்கே அது நகர வானிலையும் காற்று மாசும்.

படி 2: காற்றைத் தாளில் வரையுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அவசரப்படாதீர்கள்.

சவுகார்பேட்டையின் மின்ட் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். அது வடக்கு தெற்காக ஓடும் நீண்ட, குறுகிய தெரு. இரண்டு பக்கமும் கட்டடங்கள் இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கின்றன. கோடைக்காலப் பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வருகிறது. அது கிழக்கு வரிசைக் கட்டடங்களின் கூரையைத் தாண்டி, மேற்கு வரிசையின் சுவரில் மோதி, அதை ஒட்டிக் கீழே இறங்குகிறது. தரையைத் தொட்டதும் திரும்பிக் கிழக்கு நோக்கிப் போகிறது. பிறகு கிழக்கு வரிசையின் சுவரோரமாக மேலே ஏறுகிறது. கூரைக்கு மேலே கடற்காற்று கிழக்கிலிருந்து வந்தாலும், தெருவில் நடப்பவர் முகத்தில் படும் காற்று மேற்கிலிருந்து வரக்கூடும். வாகனப் புகையும் இந்தச் சுழலோடு போய்க் கிழக்குச் சுவரோரம் சேர்கிறது. நம் வாக்கியம் சொல்லும் ‘ஒரு பக்கச் சுவர்’ இதுதான். கடைகளின் பந்தல்களும் குறுக்குச் சந்துகளும் இந்தச் சுழலைக் கலைத்துவிடலாம். ஆனாலும் அடிப்படைப் படம் இதுதான்.

இப்போது என்.எஸ்.சி. போஸ் சாலையை வரையுங்கள். அது கடற்கரைப் பக்கமிருந்து மேற்கே போகும் சாலை. அதே கடற்காற்று இங்கே குறுக்கே மோதுவதில்லை. தெரு ஓடும் திசையிலேயே உள்ளே நுழைகிறது. எனவே சுழலைவிட, தெருவின் நீளத்துக்கு ஓடும் காற்றே முக்கியமாகிறது.

இரண்டுமே இருபுறமும் கட்டடம் நிற்கும் தெருக்கள்தான். ஆனால் காற்று செய்யும் வேலை வேறு. பிரெஞ்சிலும் அவற்றுக்கு வேறு வேறு பெயர்கள்.

கட்டடத்தின் உயரத்தைத் தெருவின் அகலத்தால் வகுத்து வரும் எண்ணையும் படத்தின் ஓரத்தில் எழுதுங்கள். கனடாவின் நகரக் காலநிலை ஆய்வாளர் திமொதி ஓக், குறுக்கே வீசும் காற்றின் போக்கை இந்த விகிதத்தைக் கொண்டு மூன்றாகப் பிரித்தார். விகிதம் ஏறத்தாழ 0.7ஐத் தாண்டும்போது, பெரும்பகுதிக் காற்று தெருவுக்குள் இறங்காமல் கூரைகளை உரசியபடி போய்விடுகிறது. தெருவுக்குள் தனிச் சுழல் மட்டும் மிஞ்சுகிறது. அறிக்கையில் இந்த எண்ணைப் பார்த்தால், எந்த வகைக் காற்றைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.

படி 3: தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்

“இருபுறமும் தொடர்ச்சியாகக் கட்டடங்கள் எழுந்து நிற்பதால், ஆழமான மலையிடுக்கின் வடிவத்தைப் பெற்ற தெரு.” ஆங்கிலச் சொல் எதையும் சேர்க்காமல் இப்படி எழுத வந்துவிட்டால், பொருள் உங்கள் கையில் இருக்கிறது. இது காற்றின் பெயரன்று, இடத்தின் பெயர் என்பதும் இப்போது தெளிவாகிறது. காற்றின் பெயரைத் தேடிப் போயிருந்தால் கலைச்சொல் அகராதியின் தவறான பதிவில் போய் நின்றிருப்போம்.

படி 4: சொல் வங்கிகளைத் திறங்கள்

பொது அகராதியில் தொடங்க வேண்டாம். கனடா அரசின் ‘டெர்மியம் பிளஸ்’, கியூபெக்கின் பிரெஞ்சு மொழி அலுவலகம் நடத்தும் பெரிய கலைச்சொல் அகராதி, உலக வானிலை அமைப்பின் ‘மெட்டியோடெர்ம்’, ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஐயாட்டே’ ஆகிய நான்கும் இலவசம். ஒவ்வொரு பதிவிலும் துறையின் பெயர் இருக்கும். படி 1இல் எழுதி வைத்த துறையோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

நாம் தேடுவது ‘ரூ கன்யோன்’. புதுச்சேரியின் தெருப் பலகைகளில் ‘ரூ’ என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள், அதே தெருதான். என்.எஸ்.சி. போஸ் சாலையில் வரைந்தோமே, தெருவின் போக்கில் ஓடும் காற்று, அதற்கு ‘எஃபே து கனலிஸாஸியோன்’. உயரமான கட்டடத்தின் மூலையில் திரும்பும்போது நம்மைத் தள்ளும் காற்றுக்கு ‘எஃபே து குவேன்’.

‘எஃபே வெந்த்யுரி’யைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காற்று பலமாக வீசினாலே அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். இத்தாலிய இயற்பியலாளர் வெந்தூரியின் பெயரால் வழங்கும் இந்த விளைவு, மூடிய குழாய் குறுகும் இடத்தில் திரவமோ வாயுவோ வேகம் பெறுவதைச் சொல்வது. தெருவுக்கு மேல்மூடி கிடையாது. காற்று மேலேயும் பக்கத்திலும் தப்பிப் போகலாம். எனவே மூல வாக்கியத்தில் வெந்தூரி இருந்தால் மட்டுமே பிரெஞ்சிலும் வெந்தூரி இருக்கட்டும்.

படி 5: பிரெஞ்சுக்காரர்கள் எழுதியதில் சரிபாருங்கள்

மொழிபெயர்ப்பாக வந்த பக்கங்களை விடுத்து, பிரெஞ்சிலேயே எழுதப்பட்டவற்றைப் படியுங்கள். பாரிஸ் வட்டாரத்தின் காற்றுத் தரத்தைக் கண்காணிக்கும் ‘ஏர்பாரிஃப்’, தேசிய வானிலைச் சேவையான ‘மெத்தேயோ ஃபிரான்ஸ்’ ஆகியவற்றின் ஆவணங்கள் நல்ல தொடக்கம். கட்டடங்களைச் சுற்றும் காற்றுக்கு, பிரான்சின் கட்டட அறிவியல் மையமான சே.எஸ்.தே.பே.யில் ழாக் காந்த்மேர் 1970களில் செய்த ஆய்வுகள்தான் அடித்தளம். மூலை, சுழல் என ஒவ்வொன்றுக்கும் அங்கே தனிப் பெயர் உண்டு.

படி 6: இலக்கணம்

‘ரூ’ பெண்பால், ஆகவே ‘லா ரூ கன்யோன்’. பன்மையில் இரண்டு சொற்களுக்கும் ‘எஸ்’ சேர்ப்பவர்களும் உண்டு, முதல் சொல்லுக்கு மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆவணம் முழுவதும் அதையே பின்பற்றுங்கள். சுற்றுப்புறத்தைவிட நகரம் அதிகச் சூடாக இருப்பதைச் சொல்லும் நகர வெப்பத் தீவுக்கு வழங்கும் ‘ஈலோ து ஷலர் யுர்பேன்’ என்ற தொடரில் பலர் சறுக்குவார்கள். ‘ஷலர்’ பெண்பாலாக இருப்பதால் அடுத்துவரும் அடையையும் பெண்பாலாக்கிவிடுவார்கள். அந்த அடை ஆண்பாலான ‘ஈலோ’வுக்கு உரியது.

படி 7: திசை, அலகு

பிரெஞ்சில் மேற்கு ‘உவெஸ்த்’. அதன் சுருக்கம் ‘ஓ’ என்ற எழுத்து. ஆங்கில அட்டவணையின் ‘டபிள்யூ’வை அப்படியே விட்டுவிடவும் கூடாது, இந்த ‘ஓ’வைப் பூஜ்யமாகப் படித்துவிடவும் கூடாது. தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி வரும். காற்றுக்குப் பெயர் வைப்பதில் நமக்கும் அவர்களுக்கும் ஒரே வழக்கம்தான். கிழக்கிலிருந்து வருவதை நாம் கொண்டல் என்கிறோம், வடக்கிலிருந்து வருவதை வாடை என்கிறோம். அவர்களும் காற்று புறப்படும் திசையைத்தான் சொல்கிறார்கள்.

திடீரென வலுத்து அடங்கும் காற்று ‘ரஃபால்’. இந்திய விமானப்படையிடம் இருக்கும் ரஃபேல் போர் விமானத்தின் பெயர் இதுதான். ‘பிரீஸ்’ மென்காற்று, எனவே கடற்காற்று ‘பிரீஸ் து மேர்’. இரண்டையும் மாற்றி எழுதினால் எச்சரிக்கை அறிவிப்பின் பொருளே மாறிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம் போன்ற ஓர் உயரமான கட்டடத்தில் காற்று மோதி, முகப்பை ஒட்டி இறங்கி, நடைபாதையில் போகிறவர்களைத் தள்ளுகிறது. இதை ஆங்கிலத்தில் ‘டவுன்வாஷ்’ என்பார்கள். புகைபோக்கியிலிருந்து வரும் புகையைக் காற்று தரைப்பக்கம் அழுத்துவதற்கும், விமான இறக்கைக்குப் பின்னே காற்று கீழ்நோக்கித் தள்ளப்படுவதற்கும் அதே ஆங்கிலச் சொல்தான். பிரெஞ்சில் புகைக்கு வழங்குவது ‘ரபாத்மான்’. அதைக் கட்டட வாக்கியத்தில் வைக்காதீர்கள். முதலில் தாளில் அம்புக்குறிகளைப் போடுங்கள். தமிழில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதன்பின் டெர்மியம் பிளஸில் மூன்று துறைகளின் பதிவுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.