முதல்முதலா கார் இன்சூரன்ஸ் எடுக்கப் போறீங்களோ? இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ

போன ஆவணியில ஒருநாள் வேலிக்கரைப் பனைக்குக் கீழ காரை விட்டிட்டுப் போய்ப் பின்னேரம் வந்து பார்த்தா, பொனற்றுக்கு நடுவில ஒரு பழுத்த பனங்காய் தும்பும் களியுமா நசிஞ்சு கிடக்கு, அதை எடுத்து எறிஞ்சா கீழ சோத்துக் கோப்பை அளவில ஒரு பள்ளம். இன்சூரன்ஸ் இருக்குத்தானே எண்டு கோல் எடுத்தா, "அண்ணை உங்கட தேர்ட் பார்ட்டி, இதுக்கு ஒரு சதமும் வராது" எண்டு அந்தப் பிள்ளை சொல்லிப்போட்டுது. ரிங்கரிங், பெயின்ற் எல்லாம் கைக்காசு. பிழை என்னிலதான். வரிப்பத்திரம் எடுக்கிறதுக்கு ஒரு துண்டு வேணுமெண்டு எடுத்தனே தவிர அதுக்குள்ள என்ன எழுதிக்கிடக்கெண்டு பார்க்கேல்ல.

1. எது கட்டாயம் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ

இலங்கையில 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் எண்டு கேக்கிறது தேர்ட் பார்ட்டி மட்டும்தான். உங்கட கார் இடிச்சு வெளியாள் ஒருத்தருக்குக் காயமோ சாவோ வந்தா அந்த நட்டஈட்டைக் கொம்பனி பார்க்கும். இடிபட்ட மதில், மற்றாளின்ர வாகனம் மாதிரி சாமானுகளுக்கும் பொலிசியில ஒரு தொகை மட்டுக்கும் போட்டிருப்பினம், அந்தத் தொகை எவ்வளவெண்டு கேளுங்கோ. உங்கட காருக்கு ஒண்டும் இல்லை.

புல் இன்சூரன்ஸ் எண்டா உங்கட காரும் சேரும், விபத்து, நெருப்பு, களவு எல்லாம். லீசிங்கில எடுத்த காரெண்டா யோசிக்கவே வேண்டாம், லீசிங்காரர் புல் இல்லாமல் விடமாட்டினம். பழைய கார், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் கோயிலுக்கும்தான் ஓடுறது எண்டா தேர்ட் பார்ட்டி காணும். ஆனா மாசத்துக்கு ரெண்டுதரம் ஏ9ஆல கொழும்புக்குப் போறனெண்டா புல் எடுங்கோ, ராவில முறிகண்டி மாங்குளம் பக்கம் மாடு நடுறோட்டில படுத்துக்கிடக்கும், அடிபட்டாப்பிறகு மாட்டுக்காரரைத் தேடினா ஒருத்தரும் மாட்டுக்கு உரிமை கோரமாட்டினம்.

2. கடுதாசிகளை எடுத்து வையுங்கோ

வாகனப் புத்தகத்தின்ர கொப்பி, அடையாள அட்டை, முந்தி இன்சூரன்ஸ் இருந்தா அந்தப் பத்திரம். புல் எண்டா காரை நாலு பக்கமும் படம் எடுப்பினம், கழுவிக்கொண்டு போங்கோ.

இஞ்ச கனபேர் மாட்டுப்படுறது இதிலதான். கார் வெளிநாட்டில இருக்கிற அண்ணாவின்ர பேரில, அல்லாட்டி வித்த ஆளின்ர பேரிலயே ஓப்பின் பேப்பரில (வித்தவர் கையெழுத்து வைச்சுத் தந்து, இன்னும் பேர் மாத்தாத பத்திரம்) கிடக்கும். இன்சூரன்ஸ் உங்கட பேரில, கார் வேறை ஆளின்ர பேரில எண்டா காசு கேக்கேக்க இழுபடும், முதல்ல பேரை மாத்துங்கோ. பழைய சொந்தக்காரர் போட்ட இன்சூரன்ஸ் காரோட சேர்ந்து தானா உங்களுக்கு வராது, அவற்ற நோ கிளெயிம் போனசும் (கொம்பனியிட்ட நட்டஈடு கேக்காமல் இருந்ததுக்கு அடுத்த வருசக் கட்டணத்தில குறைக்கிற காசு) அவரோடதான் போகும்.

3. பெறுமதியைக் குறைச்சுப் போடாதேங்கோ

பிறீமியம் (இன்சூரன்சுக்குக் கட்டுற காசு) குறையுமெண்டு 60 லட்சம் போற காரை 40 லட்சமெண்டு போடுவினம். பேந்து 3 லட்சம் செலவு வந்தா, கன பொலிசியில அந்த விகிதத்துக்குத்தான் கணக்குப் பார்ப்பினம், கையில வாறது 2 லட்சம். கூட்டிப் போட்டும் பிரயோசனமில்லை, சந்தை விலைக்கு மேல தரமாட்டினம்.

4. மூண்டு இடத்தில விலை கேளுங்கோ

கொம்பனிகளின்ர கிளையள் யாழ்ப்பாண ரவுனிலயே கிடக்கு, தெரிஞ்ச ஏஜென்ற் தம்பி வீட்டுக்கும் வருவார். அவர் சொல்லுற மொத்தத் தொகையை மட்டும் பாராதேங்கோ, இதுகளைக் கேளுங்கோ: ஒவ்வொரு கிளெயிமிலயும் முதல்ல நான் எவ்வளவு கட்டவேணும்? பழைய பாட்ஸ் மாத்தினா எத்தினை வீதம் கழிப்பீங்கள்? கண்ணாடி உடைஞ்சா? வெள்ளம்? பழகிற பிள்ளை ஓடினா?

வெள்ளத்தை மறந்துபோகாதேங்கோ. 2024 கார்த்திகை மழையில ஒழுங்கையெல்லாம் தண்ணி நிண்டது தெரியும்தானே. தண்ணிக்க நிண்ட காரை ஸ்ராட் பண்ணி என்ஜினுக்க தண்ணி போச்சுதெண்டா, அது உங்கட பிழை எண்டு சொல்லி வெட்டிவிட இடமிருக்கு, அதனால திறப்பைத் தொடாமல் இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கோ.

பில்லில வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் எண்டு தனித்தனியா ஒரு தொகை இருக்கும். எங்கட ஊராக்களுக்கு உதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தக் காசு அரசாங்கத்தின்ர தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போறது.

5. காசு கட்டினாப்பிறகு

பத்திரம் கைக்கு வந்த உடன செசி நம்பரையும் என்ஜின் நம்பரையும் வாகனப் புத்தகத்தோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்கோ. பாவனை எண்ட இடத்தில தனியார் எண்டு கிடந்தா அந்தக் காரை ஹயருக்கு விடாதேங்கோ, கலியாண வீட்டு ஓட்டமெண்டாலும்தான், அடிபட்டா ஒண்டும் தரமாட்டினம். சாரதி லைசன்ஸ் முடிஞ்சிருந்தாலும் அதே கதிதான். பிறகு புகைச் சோதனையும் செய்து, ரெண்டையும் கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனா வரிப்பத்திரம் எடுக்கலாம்.

6. அடிபட்டா

கொம்பனி நம்பரைப் போனில இப்பவே சேவ் பண்ணி வையுங்கோ, பத்திரத்திலயே இருக்கும். ஆளுக்குக் காயமெண்டா முதல்ல ஆஸ்பத்திரி, பொலிஸ். மற்றும்படி காரை அசைக்க முதல் கோல் எடுங்கோ, ஆள் வந்து பார்த்துப் படம் எடுப்பார், நீங்களும் ரயர் அடையாளம், மற்றக் காரின்ர நம்பர் தெரிய எடுங்கோ. றோட்டில சனம் கூடி "தம்பி பேசித் தீர்ப்பம்" எண்டு நிக்கும், அந்த அவசரத்தில பிழை என்னில எண்டு ஒரு துண்டிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ. பின் லைற் உடைஞ்சது மாதிரிச் சின்ன வேலையெண்டா நான் கிளெயிம் போடமாட்டன், வாற வருச நோ கிளெயிம் போனஸ் குறையிறது அந்த லைற்றின்ர விலையை விடக் கூடுதலா வரும், ரெண்டையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்திட்டுக் கேளுங்கோ.

நான் இப்ப புல்தான். காரை மாமரத்துக்குக் கீழ விடுறன், அணில் கொறிச்சுப் போடுறது மட்டும்தான் விழுது.