புராஸ்டேட்டுக்கு கிரீன் டீ: எப்படி, எவ்வளவு?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்கு கிரீன் டீ நல்லது என்ற பேச்சுக்குக் காரணம் அதிலுள்ள கேட்டசின்கள் என்ற இயற்கை வேதிப்பொருட்கள். 2006-இல் இத்தாலியில் 60 பேரிடம் நடந்த ஆய்வில் புராஸ்டேட் புற்றுநோய் வருவது குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் புற்றுநோய் வருவது சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஆக, இது மருந்தல்ல, பானம்தான்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, நான்கைந்து நிமிடம் ஆறவிட்டு, 200 மில்லிக்கு 2 கிராம் இலை போட்டு மூடி, 3 நிமிடத்தில் வடிகட்டுங்கள். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கேட்டசின் சீக்கிரம் சிதையாது. நாளுக்கு 2, 3 கப் தாராளம்.

சுரப்பி வீங்கி இரவில் அடிக்கடி எழுந்திருப்பவர்கள் கடைசி கப்பை மாலை 4 மணிக்குள் முடித்துவிடுங்கள். காஃபீன் சிறுநீர்ப்பையை உறுத்தும். சாப்பாட்டோடு குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது; ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மாத்திரையாக விற்கும் கிரீன் டீ சாறு வேறு சமாச்சாரம். அதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற முக்கியக் கேட்டசின் தினம் 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் பாதிக்கப்படலாம். வெறும் வயிற்றில் அறவே வேண்டாம். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), நாடோலால் (ரத்த அழுத்த மருந்து) சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, நீர் அடைத்துக்கொண்டாலோ டீயை நம்பி உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.